‘கிங்’ என்றால் ஷூ, ‘சிங்க்’ என்றால் பன்றி இறைச்சி... எஸ்டோனியர்கள் ஆங்கிலம் கற்றது எப்படி? இப்போது என்ன கவலை?

2025 செப்டம்பரில் எஸ்டோனியா நாட்டின் பள்ளிகளில் ஒரு புதிய திட்டம் தொடங்கியது. 10, 11-ம் வகுப்பு மாணவர்கள் சுமார் 20,000 பேருக்குச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை அரசே ஏற்பாடு செய்து, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறது. 1996-ல் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டரும் இணையமும் கொண்டுவந்த ‘புலிப்பாய்ச்சல்’ திட்டத்தின் அடுத்த கட்டம் இது என்கிறார்கள்.

திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் அந்த மாணவர், கருவியைத் திறந்ததும் எந்த மொழியில் கேள்வி கேட்பார்? தாய்மொழியான எஸ்டோனிய மொழியிலா, இல்லை ஆங்கிலத்திலா?

சும்மா ஒரு கேள்வி போலத் தெரியலாம். உலகத்தில் சுமார் 11 லட்சம் பேர் மட்டுமே பேசும் ஒரு மொழிக்கு இது சாதாரணக் கேள்வி இல்லை. அதுவும், அந்த 11 லட்சம் பேரில் இளைஞர்களில் பெரும்பாலானோர் ஆங்கிலத்தில் சரளமாக இருக்கும்போது!

இலக்கணத்தில் ஆங்கிலத்துக்கும் எஸ்டோனிய மொழிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அப்படியிருந்தும் இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கற்றுக்கொண்டார்கள்? கற்றுக்கொண்ட பிறகு ஏன் கவலைப்படுகிறார்கள்?

எங்கே இருக்கிறது இந்த நாடு?

வடக்கு ஐரோப்பாவில், பால்டிக் கடலோரம். கிழக்கே ரஷ்யா, தெற்கே லாட்வியா. வடக்கே கடலைத் தாண்டினால் பின்லாந்து. தலைநகர் தாலினில் கப்பல் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் ஹெல்சின்கி வந்துவிடும்.

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மொத்த மக்கள்தொகை சுமார் 13.3 லட்சம். நம்மூர் கணக்கில் ஒரு பெரிய நகரத்துக்குக்கூட வராது. அதிலும் நாலில் ஒரு பங்குக்கு மேல் ரஷ்ய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஆனாலும் இந்தச் சின்ன நாட்டுக்குச் சொந்தமாக ஒரு மொழி இருக்கிறது. 2004-ல் ஐரோப்பிய யூனியனில் சேர்ந்ததும், அது யூனியனின் ஆட்சிமொழிகளில் ஒன்றாகவும் ஆகிவிட்டது.

இந்த மொழிக்கு ஆங்கிலம், ஜெர்மன், ரஷ்யன், இந்தி எதுவும் உறவில்லை. அவை எல்லாம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். எஸ்டோனியம் யூராலிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நெருங்கிய சொந்தம் பின்னிஷ், தூரத்துச் சொந்தம் ஹங்கேரியன்.

இங்கே தமிழுக்கும் ஒரு சின்ன தொடர்பு உண்டு. 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட ராபர்ட் கால்டுவெல், தமிழின் அமைப்புக்கும் பின்னிஷ் வகை மொழிகளின் அமைப்புக்கும் ஒற்றுமைகள் இருப்பதாக எழுதினார். இரண்டும் ஒரே குடும்பம் என்பதை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. ஆனால் அவர் கண்ணில் பட்ட ஒற்றுமை பொய்யில்லை. சொல்லின் வாலில் ஒட்டு ஒட்டாகச் சேர்த்துப் பொருள் மாற்றும் பழக்கம் இரண்டுக்கும் உண்டு. அதனாலேயே, ஒரு எஸ்டோனியருக்கு ஆங்கிலத்தில் எங்கே இடிக்கும் என்பது தமிழ் வாசகருக்குச் சட்டென்று புரியும்.

8 வேற்றுமை நமக்கு, 14 அவர்களுக்கு!

எஸ்டோனிய மொழியில் புத்தகத்துக்கு ‘ராமத்’ என்று பெயர். ‘புத்தகத்தில்’ என்று சொல்ல ‘ராமத்துஸ்’. ‘புத்தகத்திலிருந்து’ என்றால் ‘ராமத்துஸ்த்’. ‘புத்தகத்துடன்’ என்றால் ‘ராமத்துகா’. ‘புத்தகம் இல்லாமல்’ என்பதற்குக்கூட ஒரு வேற்றுமை உருபு வைத்திருக்கிறார்கள்: ‘ராமத்துதா’. இப்படி மொத்தம் 14 வேற்றுமைகள்.

பள்ளிக்கூடத்தில் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சியாக இருக்காது. ஆனால் இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போனால் சிக்கல் ஆரம்பம். அங்கே உருபு எதுவும் வாலில் ஒட்டாது. ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ என்று தனித்தனிச் சின்னச் சொற்கள், அதுவும் பெயருக்கு முன்னால் வந்து நிற்கும்.

சரி, ‘இல்’ என்றால் ‘இன்’, ‘மேல்’ என்றால் ‘ஆன்’ என்று பொருத்திக்கொள்ளலாமே? முடியாது. ‘கோடையில்’ என்று சொல்ல எஸ்டோனியர் ‘சுவெல்’ என்பார். அந்த ‘ல்’ உருபு ‘மேஜை மேல்’ என்று சொல்லும்போது வரும் அதே உருபு. அதை அப்படியே பெயர்த்தால் ‘ஆன் சம்மர்’ என்றுதான் வரும். ஆங்கிலக்காரர் ‘இன் சம்மர்’ என்கிறார். திங்கள்கிழமைக்கும் எஸ்டோனிய மொழியில் அதே ‘ல்’ தான், அங்கே ஆங்கிலத்தில் ‘ஆன் மண்டே’ சரியாகப் பொருந்திவிடும். ஒரு இடத்தில் பொருந்தி, இன்னொரு இடத்தில் காலை வாரும். முழுக்கத் தப்பாக இருந்தால் மாணவன் உஷாராகிவிடுவான். பாதி சரியாக வருவதுதான் ஆபத்து.

‘எ’வும் இல்லை, ‘தி’யும் இல்லை

ஆங்கிலம் படிக்கும் எஸ்டோனியர்களைக் கடைசிவரை விடாமல் துரத்துவது இந்த இரண்டு குட்டிச் சொற்கள்தான். அவர்கள் மொழியில் இதற்குச் சமமாக எதுவும் கிடையாது. தமிழிலும் கிடையாது என்பதால் வலி தெரியும். ‘கார் வாங்கினேன். கார் சிவப்பு’ என்று நாம் சொல்வது போலவே அவர்களும் சொல்வார்கள். கேட்பவருக்கு எந்தக் கார் என்று தானாகப் புரியும். ஆங்கிலத்தில் முதல் முறை ‘எ கார்’, இரண்டாவது முறை ‘தி கார்’ என்று சொல்லியாக வேண்டும்.

பேச்சில் ‘இந்த’ என்ற பொருளில் வரும் ‘சே’ என்ற சொல்லை ‘தி’ மாதிரியும், ‘ஒன்று’ என்ற பொருளில் வரும் ‘உக்ஸ்’ என்பதை ‘எ’ மாதிரியும் எஸ்டோனியர்கள் பயன்படுத்துவதுண்டு. அது விருப்பம்தான், விதி இல்லை. அதனால் நல்ல ஆங்கிலம் பேசும் எஸ்டோனியர்கூட ‘தி’யை எங்கேயாவது விட்டுவிடுவார், இல்லையென்றால் தேவையில்லாத இடத்தில் ஒன்று கூடப் போட்டுவிடுவார். 

‘ஆண், பெண் கிடையாது, எதிர்காலமும் கிடையாது’

எஸ்டோனியர்கள் தங்கள் மொழியைப் பற்றித் தாங்களே அடித்துக்கொள்ளும் கிண்டல் இது. அதில் இலக்கண உண்மை இருக்கிறது.

அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்: ‘தேமா’, சுருக்கமாக ‘தா’. நம்ம ‘அவர்’, ‘அவங்க’ போல என்று வைத்துக்கொள்ளலாம். பெயர்ச்சொற்களிலும் ஆண்பால், பெண்பால் பிரிவு இல்லை. அதனால் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசும்போது அம்மாவை ‘ஹீ’ என்று சொல்லிவிடுவது ஆரம்ப கட்டத்தில் சகஜம். இலக்கணம் தெரியாமல் வருவதில்லை அந்தத் தவறு. வாய், மூளையை முந்திக்கொண்டு ஓடுவதால் வருவது.

எதிர்கால வினை வடிவமும் தனியாகக் கிடையாது. ‘நாளைக்கு ஊருக்குப் போறேன்’ என்று நாம் பேச்சில் நிகழ்காலத்தை வைத்தே சமாளிக்கிறோம் இல்லையா, அவர்களுக்கு எழுத்திலும் அதுதான் முறை. ‘நாளைக்கு’ என்ற சொல் வந்தாலே எதிர்காலம் வந்துவிட்டதாக அர்த்தம். ஆங்கிலத்தில் ‘வில்’, ‘கோயிங் டு’ என்று மூன்று நான்கு வழிகள். எதை எப்போது போடுவது என்று கேட்டால் ஆங்கிலேயர்களே தடுமாறுவார்கள்.

‘ஹேவ்’ என்ற வினையும் அவர்களிடம் இல்லை. ‘மூல் ஒன் ராமத்’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘என்னிடம் புத்தகம் இருக்கு’. தமிழ் வாக்கியத்தையே பெயர்த்து வைத்த மாதிரி இருக்கிறதா?

படித்து முடித்தானா, படித்துக்கொண்டிருந்தானா?

இதுதான் இருப்பதிலேயே நுட்பமான இடம். கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

‘படித்துக்கொண்டிருந்தேன்’, ‘படித்து முடித்தேன்’ என்ற வேறுபாட்டை ஆங்கிலம் வினையில் காட்டும். ‘வாஸ் ரீடிங்’ என்றால் நடந்துகொண்டிருந்தது, ‘ரெட்’ என்றால் முடிந்தது. தமிழும் வினையில்தான் காட்டுகிறது. எஸ்டோனிய மொழியில் வினையை அப்படியே விட்டுவிட்டு, செயப்படுபொருளின் வேற்றுமையை மாற்றுவார்கள்! ‘லுகெசின் ராமத்துத்’ என்றால் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன், முடித்தேனா என்பது தெரியாது. ‘லுகெசின் ராமத்து லாபி’ என்றால் முழுசாகப் படித்து முடித்தேன். இரண்டிலும் வினை ‘லுகெசின்’ தான். புத்தகத்தின் வால் மட்டும் மாறியிருக்கிறது, முடிந்ததைக் காட்ட ‘லாபி’ என்ற துணைச்சொல்லும் சேர்ந்திருக்கிறது.

அதாவது, ஒரு எஸ்டோனியக் குழந்தையின் காது, வேலை முடிந்ததா இல்லையா என்பதைப் பெயர்ச்சொல்லில் தேடப் பழகியிருக்கிறது. ஆங்கிலம் அதை வினையில் ஒளித்து வைத்திருக்கிறது. பாடப்புத்தகத்தில் ‘கன்டினியுவஸ் டென்ஸ்’ அட்டவணையை எத்தனை முறை எழுதினாலும், தேடும் இடம் மாறாதவரை தவறும் போகாது. இலக்கண விதியை மனப்பாடம் செய்வதைவிட, ஆயிரக்கணக்கான மணி நேரம் காதில் கேட்பது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

எஸ்டோனியர்களுக்குச் சில சாதகங்களும் உண்டு. ஒலியின் நீளத்தைப் பிரித்துக் கேட்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். அவர்கள் மொழியில் குறில், நெடில் என்று இரண்டு அளவு போதாது, மூன்று அளவு இருக்கிறது. ‘லின’ என்றால் விரிப்பு. ‘லின்ன’ என்றால் நகரத்தின். அதையே இன்னும் அழுத்தி நீட்டி ‘லின்ன்ன’ என்றால் நகரத்துக்குள். கடைசி இரண்டையும் எழுத்தில் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். இப்படிப்பட்ட காதுக்கு ‘ஷிப்’, ‘ஷீப்’ வித்தியாசம் எல்லாம் தூசு.

ஆனால் எழுதுவதில் அவர்கள் மொழி ரொம்ப நேர்மை. எப்படி எழுதுகிறார்களோ கிட்டத்தட்ட அப்படியே படிப்பார்கள். அந்தப் பழக்கத்தோடு ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்க்கும் குழந்தையின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

அரசனுக்கு வந்த சோதனை

இப்போது தலைப்புக்கு வருவோம். ஆங்கிலத்தில் அரசனைக் குறிக்கும் ‘கிங்’ என்ற சொல், எஸ்டோனிய மொழியில் காலில் போடும் ஷூ. பாத்திரம் கழுவும் ‘சிங்க்’, அங்கே பன்றித் தொடை இறைச்சி. ஆங்கிலத்தில் ‘மஸ்ட்’ என்று படிக்கும் அதே எழுத்துகளை அவர்கள் ‘முஸ்த்’ என்று படிப்பார்கள், அர்த்தம் கறுப்பு. ‘டூல்’ என்று நாம் படிப்பதை அவர்கள் ‘டோல்’ என்று படிப்பார்கள், அர்த்தம் நாற்காலி.

இவை வெறும் வேடிக்கை. குழப்பம் வருவதில்லை, ஏனென்றால் அர்த்தம் ரொம்பத் தள்ளி இருக்கிறது. உண்மையான ஆபத்து, அர்த்தம் பக்கத்தில் இருக்கும் சொற்களில்தான். எஸ்டோனியர் ‘நொவெல்’ என்றால் சிறுகதை. ஆங்கிலத்தில் அது நாவல். ‘கிம்னாசியம்’ என்றால் அங்கே மேல்நிலைப் பள்ளி. ‘அக்துவால்னே’ என்றால் இப்போது பேசப்படுகிற, சூடான விஷயம். ஆங்கில ‘ஆக்சுவல்’ அது இல்லை. ‘சிம்பாத்னே’ என்றால் பழக இனிமையானவர். ஆங்கிலத்தில் ‘சிம்பதெடிக்’ என்று சொன்னால் இரக்கப்படுகிறவர் என்றாகிவிடும். வேலைக்கான நேர்காணலில் இப்படி ஒரு சொல் இடம் மாறினாலே கதை மாறிவிடும்.

ஷூவாகிப்போன அரசனுக்கு எஸ்டோனிய மொழியில் என்ன சொல்? ‘குனிங்கஸ்’. இது ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு பழைய ஜெர்மானிய மொழியிலிருந்து கடன் வாங்கிய சொல். அதே மூலத்திலிருந்துதான் ஆங்கில ‘கிங்’கும் தேய்ந்து வந்தது. கடன் வாங்கியவர் பொருளைப் பத்திரமாக வைத்திருக்கிறார், சொந்தக்காரர் தேய்த்துவிட்டார்!

நாற்காலிக்கும் இதே கதை. ஜெர்மன் பேசும் நிலப்பிரபுக்களும் வணிகர்களும் பல நூற்றாண்டுகள் இந்த மண்ணில் இருந்ததால், அவர்கள் மொழியிலிருந்து நிறையச் சொற்கள் உள்ளே வந்தன. ஆனால் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்யெழுத்து சேர்ந்து வந்தால் பழைய எஸ்டோனிய நாக்கு ஒத்துக்கொள்ளாது, முதல் எழுத்தை வெட்டிவிடும். ஆங்கிலத்தில் ‘ஸ்டூல்’ ஆன சொல் இங்கே ‘டோல்’ ஆனது. ‘ஸ்கூல்’ ஆன சொல் ‘கோல்’ ஆனது. நாம் ‘இஸ்கூல்’ என்று முன்னால் ஒரு இகரம் சேர்த்தோம், அவர்கள் ஒரு எழுத்தைக் கழித்தார்கள். இந்த விதியைப் புரிந்துகொண்ட மாணவருக்கு நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் தெரிந்த முகங்களாகிவிடும்.

அப்படியானால் யார் சொல்லிக் கொடுத்தது?

1940-ல் சோவியத் யூனியன் எஸ்டோனியாவை ஆக்கிரமித்தது. பள்ளிகளில் ரஷ்ய மொழி கட்டாயமானது. ஆங்கிலமும் ஜெர்மனும் பாடமாக இருந்தன, ஆனால் பேச ஆள் இல்லை, போக நாடு இல்லை.

அந்தக் காலத்தில் ஒரு விசித்திரமான சன்னல் திறந்திருந்தது: பின்லாந்து டிவி. கடலுக்கு அந்தப் பக்கத்துச் சிக்னல் தாலின் வரை வந்தது. ‘டாலஸ்’ போன்ற அமெரிக்கத் தொடர்களை மாஸ்கோவுக்குத் தெரியாமல் வீட்டிலேயே பார்த்தார்கள். பின்லாந்தில் டப்பிங் செய்யாமல் சப்டைட்டில்தான் போடுவார்கள். அதனால் வடக்கு எஸ்டோனியாவில் ஒரு தலைமுறைக்கு பின்னிஷ் எழுத்தில் வந்தது, ஆங்கிலம் காதில் விழுந்தது.

1991-ல் மீண்டும் சுதந்திரம். அதோடு ரஷ்ய மொழியின் இடம் காலியானது. அந்த இடத்துக்கு ஆங்கிலம் வந்தது. சொந்தமாக ஆரம்பித்த தொலைக்காட்சிகளும் சப்டைட்டில் வழியையே பிடித்துக்கொண்டன. சின்னக் குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளைத் தவிர மற்றதெல்லாம் மூலக்குரலில்தான். 13 லட்சம் பேருக்காக எல்லாப் படத்தையும் டப்பிங் செய்தால் கட்டுப்படியாகாது என்பதுதான் காரணம். பணமில்லாததால் எடுத்த முடிவு, நாட்டின் மிகப்பெரிய ஆங்கில வகுப்பாக மாறிவிட்டது.

பள்ளியும் தன் பங்கைச் செய்தது. முதல் வெளிநாட்டு மொழியை 3-ம் வகுப்புக்குள் தொடங்கியாக வேண்டும், இரண்டாவதை 6-ம் வகுப்புக்குள். முதல் மொழியாகப் பெரும்பாலானோர் எடுப்பது ஆங்கிலம். மேல்நிலைப் பள்ளி முடிக்கும்போது வெளிநாட்டு மொழியில் அரசுத் தேர்வு உண்டு. அதற்குப் பதிலாக அங்கீகரிக்கப்பட்ட சர்வதேசத் தேர்வுச் சான்றிதழையும் காட்டலாம்.

2021 கணக்கெடுப்பில், வெளிநாட்டு மொழியாக அதிகம் பேர் அறிந்த மொழி என்ற இடத்தை ரஷ்ய மொழியிடமிருந்து ஆங்கிலம் பிடித்துக்கொண்டது. நாட்டில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஆங்கிலம் தெரியும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரே தலைமுறையில் நடந்த மாற்றம் இது.

பிறகு என்ன கவலை?

ஆங்கிலம் தெரிவது பிரச்சினை என்று அங்கே யாரும் சொல்லவில்லை. எஸ்டோனிய மொழியில் செய்ய முடிந்த வேலைகளையும் ஆங்கிலத்தில் செய்யப் பழகிவிடுவதுதான் பிரச்சினை. ஒரு மொழி ஒரே நாளில் சாவதில்லை. முதலில் ஆராய்ச்சி அதைவிட்டுப் போகும், பிறகு அலுவலகம், பிறகு விளையாட்டு. கடைசியில் சமையலறையில் மட்டும் மிஞ்சும்.

பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டார்ட்டு பல்கலைக்கழகம் 1632-ல் தொடங்கியது. ஆனால் அங்கே எஸ்டோனிய மொழியில் பாடம் நடத்தத் தொடங்கியது 1919-ல். கிட்டத்தட்ட 300 ஆண்டுகள் காத்திருந்து வாங்கிய உரிமை. இன்று அங்கே முனைவர் பட்ட ஆய்வேடுகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில். காரணம் எளிது: 11 லட்சம் பேர் மொழியில் மூலக்கூறு உயிரியல் எழுதினால் படிக்க எத்தனை பேர் இருப்பார்கள்? ஆய்வாளரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்தத் துறையின் புதிய கலைச்சொற்கள் எஸ்டோனிய மொழியில் பிறக்காமலே போய்விடுகின்றன.

அரசு இதற்கு ஒரு கெட்டிக்காரத்தனமான தடுப்பு வைத்திருக்கிறது. பொதுப் பல்கலைக்கழகங்களில் எஸ்டோனிய மொழியில் முழுநேரமாகப் படித்தால் கட்டணம் இல்லை என்பது 2013 முதல் அடிப்படை விதி. ஆங்கில வழிப் படிப்புக்குக் கட்டணம் வாங்கலாம். தாய்மொழிப் பற்று பேசி யாரையும் இழுப்பதைவிட இது பலன் தரும் வழி. ஆனாலும் வெளிநாட்டு மாணவர்களையும் பேராசிரியர்களையும் ஈர்க்க ஆங்கில வழிப் படிப்புகள் வேண்டும் என்று பல்கலைக்கழகங்களும், கூட்டிக்கொண்டே போகாதீர்கள் என்று மொழி ஆர்வலர்களும் மோதிக்கொள்வது நிற்கவில்லை.

2007-ல் அரசியலமைப்பின் முகவுரையையே திருத்தினார்கள். எஸ்டோனிய இனத்தையும் பண்பாட்டையும் காலகாலத்துக்கும் காப்பது அரசின் கடமை என்று இருந்த வாக்கியத்தில், ‘மொழி’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். சுதந்திரம் வாங்கிய நேரத்தில் அந்தச் சொல் தேவை என்று தோன்றவில்லை. 16 ஆண்டுகள் கழித்துத் தோன்றியது.

சொல் பஞ்சம் வந்தால்?

புதுச்சொல் உருவாக்குவதில் எஸ்டோனியர்கள் சும்மா இருக்கிறவர்கள் இல்லை. யோஹன்னஸ் ஆவிக் என்ற மொழிச் சீர்திருத்தவாதி (1880–1973), வேர்ச்சொல் எதுவும் இல்லாமலே தன் காதுக்கு நன்றாக ஒலிக்கும் சொற்களை உருவாக்கினார். ஆயுதத்துக்கு ‘ரெல்வ்’, குற்றத்துக்கு ‘ரோய்ம்’. இன்று அவை நாளிதழில் சாதாரணமாக வரும் சொற்கள். தமிழில் புதுச்சொல் உருவாக்குகிறவர்கள் வேரைத் தேடித்தான் போவார்கள். இவர் வெறும் ஒலியை நம்பி இறங்கினார், அதுவும் ஜெயித்தது.

கம்ப்யூட்டருக்கு அவர்கள் சொல் ‘அர்வுதி’, ‘கணக்கிடும் கருவி’ என்ற பொருளில். நம்ம ‘கணினி’ போலத்தான், ஆனால் அவர்கள் பேச்சிலும் அதைத்தான் சொல்கிறார்கள். 2010-ல் அப்போதைய அதிபர் தூமஸ் ஹென்ட்ரிக் இல்வெஸ் நடத்திய சொல் போட்டியில், உள்கட்டமைப்பு என்பதற்கு ‘தாரிஸ்து’ என்ற சொல் தேர்வானது. இன்று அரசு ஆவணங்களில் அதுதான். சுவாரஸ்யம் என்னவென்றால், இல்வெஸ் அமெரிக்காவில் வளர்ந்தவர், ஆங்கிலம் அவருக்குத் தண்ணீர் பட்டபாடு.

பதின்வயதினர் பேச்சு வேறு மாதிரி. ஆங்கிலச் சொல்லை எடுத்து அதன் வாலில் எஸ்டோனிய உருபை ஒட்டிவிடுகிறார்கள். ‘லைக் பண்ணு’, ‘போஸ்ட்ல போடு’ என்று நாம் செய்வதேதான். இலக்கணம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று இதில் ஆறுதல் தேடுகிறவர்கள் உண்டு. சொல்லை விட்டுக்கொடுத்தாலும் உருபை விடவில்லை. ஆனால் வாக்கியத்தையே ஆங்கிலத்துக்கு மாற்றிவிடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். விளையாட்டு, வீடியோ, இப்போது செயற்கை நுண்ணறிவு எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும்போது வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? இந்தக் கருவிகளுக்குத் தீனி போட்ட எழுத்துகளில் எஸ்டோனிய மொழியின் பங்கு மிகச் சிறியது. அதனால்தான் அங்கே பேச்சறிதல், மொழிபெயர்ப்பு போன்ற தொழில்நுட்பங்களுக்கு அரசே பணம் ஒதுக்குகிறது. சந்தையை நம்பிக் காத்திருந்தால் 11 லட்சம் பேருக்காக யாரும் வரமாட்டார்கள்.

ரஷ்யன் பேசும் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பக்கம் இது. ரஷ்ய எல்லையில் இருக்கும் நார்வா, நாட்டின் மூன்றாவது பெரிய நகரம். அங்கே 10-ல் 9 பேருக்கு மேல் ரஷ்யன் பேசுகிறவர்கள். பல பத்தாண்டுகளாக ரஷ்ய வழிப் பள்ளிகளிலேயே படித்ததால், நாட்டு மொழி சரியாகப் பேச வராத இளைஞர்கள் நிறையப் பேர். எஸ்டோனிய இளைஞர்களுக்கோ இப்போது ரஷ்யன் தெரியாது. இரண்டு பேரும் தாலினில் ஒரே அலுவலகத்தில் சந்தித்தால்? ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறார்கள். ஒரே நாட்டின் இரண்டு குடிமக்களுக்கு இடையே மூன்றாவது நாட்டின் மொழி!

2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தின்படி, எல்லாப் பள்ளிகளும் எஸ்டோனிய வழிக்கு மாற வேண்டும். 2024 செப்டம்பரில் மழலையர் பள்ளிகளிலும், 1, 4-ம் வகுப்புகளிலும் மாற்றம் தொடங்கியது. பெரிய தடை, எஸ்டோனிய மொழியில் பாடம் நடத்தத் தெரிந்த ஆசிரியர்கள் போதுமான அளவில் இல்லை. சம்பளம் போதவில்லை என்று 2024 ஜனவரியில் ஆசிரியர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தமே செய்தார்கள்.

மாற்றம் முழுமையாக முடிய வேண்டிய கல்வியாண்டு 2029–30. அன்றைக்கு நார்வாவில் 9-ம் வகுப்பில் உட்காரப்போகும் பிள்ளை, 2024-ல் 4-ம் வகுப்பில் மொழி மாறிய அதே பிள்ளைதான். வீட்டில் ரஷ்யன், வகுப்பில் எஸ்டோனியம், கையில் இருக்கும் போனில் ஆங்கிலம். ‘தி’ எங்கே போடுவது என்ற குழப்பம் இந்தப் பிள்ளைக்கும் உண்டு, ஏனென்றால் ரஷ்ய மொழியிலும் அந்தச் சொல் கிடையாது.